பாதியில் அறுந்த எண்

லாம்வாகாவின் அம்மா வடக்கே குலுவிலிருந்து தெற்கே முகோனோவுக்கு வந்து இறங்கிய அன்றைக்கே, இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை, ஒரு கேள்வி கேட்டாள்.

"இங்க நான் செத்தா யாருடி வந்து உக்காருவா?"

பக்கவாதத்தில் உடம்பு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு விழவில்லை. வடக்கே பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மகள்தான் அழைத்து வந்திருந்தாள். அம்மாவுக்கு அச்சோலி தவிர வேறு மொழி தெரியாது. தெருவில் இருப்பவர்களுக்கு லுகாண்டா தவிர வேறெதையும் காதில் போட்டுக்கொள்ளப் பிடிக்காது. மகளோ கதவைச் சாத்திக்கொண்டு காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள். ஆக, கேள்வியில் நியாயம் இருந்தது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி உண்டு. முன்னோ முகாபி என்று பெயர், கஷ்டத்தில் கூட்டாளி என்று அர்த்தம். பேட்டைக்குப் பேட்டை ஒரு சங்கம். உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு விறகுக்கட்டு வரும், மத்தோக்கே வாழைக்காய் வரும், கூடவே ஆளும் வரும். பெண்கள் சமைப்பார்கள். ஆண்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பார்கள். பிறர் சாவுக்குப் போய் உட்கார்ந்தவன் சாவுக்கு ஊரே வந்து உட்காரும். போகாதவன் தன் சவப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இதில் பாதிரியாருக்குக்கூடச் சலுகை கிடையாது.

அம்மாவுக்காகவே லாம்வாகா அதில் சேர்ந்தாள்.

அப்போது சங்கச் செயலாளர் கசூலே ஒவ்வொருவருக்கும் தானே போன் போட்டுச் சாவுச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், எதையும் சுருக்கமாகச் சொல்லி வழக்கமில்லை. கடைசி ஆளுக்கு அவர் போன் போடும்போது புதைத்து மண் தள்ளி முடித்திருப்பார்கள். லாம்வாகா பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதி அவர் மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தாள். செத்தவர் பெயரை அடித்துப் பொத்தானை அழுத்தினால் போதும், எல்லார் போனுக்கும் செய்தி போய்விடும்.

அவள் பிழைப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அனுப்பும் எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்கும் நிரல்களை அவள் ஜாவாவில் எழுதுகிறாள். விவரம் ஒவ்வொன்றும் பெயர் ஒட்டிய பெட்டிக்குள் இருக்கும், பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. கோப்பு யானை கனம். மொத்தமாக ஏற்றினால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். அதனால் வாசிப்பான் ஒன்று அதைக் கவளம் கவளமாக எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே ஓட்டமாகப் படித்துக்கொண்டு போகும். திரும்பிப் பார்க்காது. "பெயர்ப் பெட்டி திறந்தது, உள்ளே இந்த எழுத்துகள் இருக்கின்றன, பெட்டி மூடியது" என்று கூவிக்கொண்டே போகும். அவள் எழுதும் பகுதி எதையும் தேடிப் போகாது. கூவல் கேட்டால் எழுந்து தன் வேலையைச் செய்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்ளும். இதையே எழுதி எழுதி அவளும் அப்படி ஆகிவிட்டாள் என்று எனக்கு ஒரு எண்ணம். கூப்பிட்டால் வருவாள். கூப்பிடாத இடத்தை எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள்.

சங்கத்துப் பெயர்களையும் அவள் அதே மாதிரிக் கோப்பில்தான் வைத்தாள். முதல் இரண்டு சாவுக்கும் செய்தி ஒழுங்காக வந்தது. விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள், வெங்காயம் உரித்தாள். அவளுடைய லுகாண்டாவைக் கேட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள்.

பிறகு கசூலேவுக்கு ஒரு யோசனை வந்தது. அடக்கத்தில் யார் எந்தக் குலம் என்று தெரியாமல் சடங்கு நடக்காதே என்று, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குலத்தையும் சொந்த ஊரையும் சேர்த்தார். வெட்டுக்கிளிக் குலம், நுரையீரல் மீன் குலம், குரங்குக் குலம். லாம்வாகாவுக்கு நேரே "வடக்கு" என்று மட்டும் போட்டார். கோப்பு பெருத்தது.

அதோடு அவளுக்குச் செய்தி வருவது நின்றுபோனது. மற்ற எல்லாருக்கும் வந்தது, அவளுக்கு மட்டும் வரவில்லை. காரணம் அவளுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் பால் வாங்கப் போனவள், கோமெசி அங்கி உடுத்திய பெண்கள் கூட்டமாகப் பெரிய பானைகளைத் தூக்கிக்கொண்டு திரும்புவதைப் பார்த்தாள். எல்லாரும் சங்கத்துப் பெண்கள். ஒருத்தியும் நிற்கவில்லை. ஒருத்தி மட்டும் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரோ செத்திருக்கிறார்கள், என்னிடம் சொல்லவில்லை என்று லாம்வாகாவுக்குப் புரிந்தது. வடக்கத்திக்காரி, கல்யாணம் ஆகாதவள், அந்நியம். விறகு வாங்கிக்கொள்ளும் வரை வாங்கிக்கொண்டு கழற்றி விட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். பாலோடு வீட்டுக்கு வந்தாள்.

மாதங்கள் போயின. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, இந்த ஊர்ல யாருமே சாக மாட்டாங்களா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா."

"அப்போ நான்தான் முதல்ல போகணும் போலருக்கு. நீயும் நானும்தான் உக்காந்திருக்கணும். அதுலயும் நான் படுத்திருப்பேன்."

லாம்வாகா சிரித்துவிட்டு அடுக்களைக்குப் போய் நின்று அழுதாள்.

முட்டையைச் சுருட்டி ரோலக்ஸ் என்ற பெயரில் சப்பாத்தி விற்கும் கடையடியில் ஊர் வேறு கதை பேசியது. "நம்மளை எல்லாம் போன்னு விரட்ட மெஷின் பண்ணிக் குடுத்தா. அவ மட்டும் வரமாட்டா. வெள்ளைக்காரன் சம்பளம் வாங்குறவளுக்கு நம்ம பொணம் நாறும்ல?" என்றாள் ஒருத்தி. கேட்டவர்கள் ஆமாம் என்றார்கள். அந்தப் பக்கம் மௌனம், இந்தப் பக்கம் வைராக்கியம். நடுவில் ஒரு சங்கம் மெல்ல மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டது.

அப்புறம் நாலோங்கோவின் புருஷன் செத்தார். நாலோங்கோதான் சங்கத் தலைவி. இரட்டைப் பிள்ளை பெற்றவளை எங்கள் ஊரில் அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அவள் சொந்தப் பெயர் இப்போது அவளுக்கே மறந்திருக்கும். அவள் வீடு லாம்வாகா வீட்டிலிருந்து இரண்டு வேலி தள்ளி. கூடாரம் போட்டார்கள், மேளம் அடித்தார்கள், விறகுப் புகை ஜன்னல் வழியாக வந்து லாம்வாகாவின் துணிமணியில் எல்லாம் ஏறியது. அவள் போனைப் பார்த்தாள். எதுவும் இல்லை. உள்ளே இருந்தபடியே இரும்புக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

துக்கம் கழிந்த சில வாரத்தில் ஒரு மத்தியானம் அந்த இரும்புக் கதவு அதிர்ந்தது.

"தொற பொண்ணே! நாய் இருந்தா கட்டு. கடி வாங்க வரல, ஒரு வார்த்தை கேக்க வந்தேன்."

"நாய் இல்ல நாலோங்கோ."

"நாயும் இல்லையா? அப்புறம் யாருக்குப் பயந்து இம்மாம் பெரிய கதவு?"

உள்ளே வந்தவள் உட்காரவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல உன் பேரை அடிக்கப் போறோம். முதுகுக்குப் பின்னால அடிக்க எனக்கு மனசு வரல, அதான் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வந்தேன். எங்க வீட்டுக்காரர் செத்தப்போ நீ எங்க இருந்தே?"

"இங்கதான்."

"இங்கயே இருந்துக்கிட்டா!"

"எனக்கு யாரும் சொல்லல."

"சொல்லலையா? நீ பண்ணுன மெஷின்தானடி சொல்லுச்சு!" நாலோங்கோ இடுப்புப் பட்டையிலிருந்து பொத்தான் போனை உருவி, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, நீட்டினாள். "படி. உனக்குப் படிக்கத் தெரியும்ல?"

லாம்வாகா படித்தாள். நாலோங்கோவின் புருஷன் பெயர். கீழே, "உங்கள் விறகோடு வாருங்கள், நாம் இருக்கிறோம்." அவளே யோசித்து எழுதிய வாக்கியம். அதை இத்தனை நாளாக எல்லாரும் படித்திருக்கிறார்கள்.

"எனக்கு இது வரவே இல்ல நாலோங்கோ," என்றாள்.

நாலோங்கோ போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதிலேயே கசூலேவுக்குப் போன் போட்டு, "கம்ப்யூட்டர் பொட்டியைத் தூக்கிட்டு வாங்க செபோ. இப்பவே," என்றாள். ஆணுக்குச் செபோ, பெண்ணுக்கு ஞாபோ, எங்கள் ஊர் மரியாதைச் சொல் அப்படி.

மழைக்குப் பயந்து மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கசூலே போடா என்னும் வாடகை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஏதோ உறைத்தது.

"ஒரே ஒரு நம்பர் எப்பவும் சிவப்பா வரும் ஞாபோ, போகலைன்னு. வெறும் நாலு இலக்கம். நான் அதைப் பெருசா எடுத்துக்கல." சங்கடத்தோடு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரோ செத்துப்போனவங்க நம்பர்னு நெனச்சுட்டேன்."

லாம்வாகா பார்த்தாள். அவள் எண்ணின் கடைசி நாலு இலக்கம்.

நிரலைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாசிப்பானின் ஒரு கவளம் முடிந்த இடம், குலப்பெயர்கள் எல்லாம் நுழைந்து நகர்த்தியதில், சரியாக அவள் எண்ணின் நடுவில் வந்து விழுந்திருந்தது. முதல் கவளத்தோடு ஆறு இலக்கம், அடுத்த கவளத்தோடு மிச்சம் நாலு. எழுத்துகள் இப்படிப் பிய்ந்து பிய்ந்து வரும், பெட்டி மூடும் வரை சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவள் எழுதியதோ, புதிது வந்ததும் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டது. சிறிய கோப்பில் எல்லாம் ஒரே கவளம், அதனால் முதலில் தெரியவில்லை. மற்ற கவளங்கள் அறுந்ததெல்லாம் யாருக்கும் நோகாத இடங்களில். வெளிநாட்டுக் கம்பெனியில் இதே தப்பைச் செய்த புதியவர்களுக்கு அவள்தான் நீளநீளமாகத் திருத்தம் எழுதி அனுப்புகிறவள். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம்.

அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக் காட்டினாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகை வந்தது. "என்னை எல்லாருமா ஒதுக்கி வெச்சுட்டீங்கன்னு நெனச்சேன். இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரும் இல்லன்னு நெனச்சேன். அம்மா கேக்குறப்பல்லாம் பொய் சொன்னேன்."

கசூலேவுக்கும் கண் கலங்கிவிட்டது. நாலோங்கோவுக்கு இல்லை.

"சரி, மெஷின் கூப்பிடல. ஒத்துக்கறேன்," என்றாள். "ரெண்டு வேலி தள்ளித்தானே என் வீடு? கூடாரம் கண்ணுக்குத் தெரியலையா? அத்தனை புகை வந்துச்சே, அது உன் மூக்குக்கு எட்டலையா?"

"எட்டுச்சு."

"அப்புறம்?"

"கூப்பிடாம எப்படி வர்றதுன்னு…"

"கல்யாணத்துக்குத்தாண்டி கூப்பிடணும்! புகையைப் பார்த்த பிறகு எதுக்குடி செய்தி?"

நிரலில் இருந்த தப்பை ஒரு வரியில் திருத்திவிடலாம், இதை எந்த வரியில் திருத்துவது? உள்ளறையிலிருந்து அம்மா அச்சோலியில் கத்தினாள், "யாருடி அது, இவ்வளவு நல்லாத் திட்டுறா? உள்ள வரச் சொல்லு!"

ஞாயிற்றுக்கிழமை பலாமரத்தடியில் கூட்டம் நடந்தது. கசூலே கவளத்தைப் பற்றி வாத்தியார் பாணியில் விளக்கியதில் பாதிப் பேருக்குத் தூக்கம் வந்தது, மீதிப் பேருக்குச் சந்தேகம் வந்தது. "கம்ப்யூட்டரு தன்னைப் பண்ணுனவளையே மறக்குமா? சாக்கு சொல்லத் தெரியுது வடக்கத்திக்காரிக்கு," என்றார் ஒருவர். நாலோங்கோ கையைத் தட்டி நிறுத்தினாள்.

"அடுத்த சாவு வரைக்கும் பேரு இருக்கட்டும். விறகோட வந்தா நம்ம ஆளு. வரலைன்னா நானே அடிக்கறேன்."

லாம்வாகா அன்றைக்கே சந்தையில் விறகு வாங்கி, கட்டி, அடுக்களைப் பின்புறம் சாத்தி வைத்தாள். இனி யாராவது சாகும் வரை காத்திருக்க வேண்டும்.

"இப்போ என்ன, யாராவது சீக்கிரம் சாகட்டும்னு வேண்டிக்கறதா?" என்றாள் அம்மா. "நல்ல சங்கம்டி."

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் நாலோங்கோ வர ஆரம்பித்தாள். "பேரு இருக்கா செத்துச்சான்னு பாக்க வந்தேன்," என்று சொல்லிக்கொண்டே நுழைவாள். அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து லுகாண்டாவில் தன் புருஷனைப் பற்றிப் பேசுவாள். அம்மா அச்சோலியில் தன் புருஷனைப் பற்றிப் பேசுவாள். ஒருத்தி பேச்சு மற்றவளுக்கு ஒரு சொல்லும் புரியாது. இரண்டு புருஷன்மாரும் ஒரே மாதிரிதான் இருந்திருப்பார்கள் போலிருக்கிறது, சரியான இடங்களில் இருவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாலோங்கோ இலையில் பொதிந்து மத்தோக்கே கொண்டுவந்து ஊட்டினால், அம்மா மென்றபடியே மகளிடம், "வாழைக்காயை வேகவெச்சு மசிச்சு இதை ஒரு சாப்பாடுன்னு சொல்றாளே, பாவம்," என்பாள். நாலோங்கோ, "என்ன சொல்றா? இன்னும் வேணுமாமா?" என்பாள். லாம்வாகா ஆமாம் என்பாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு பக்கத்து அறையில் இரண்டு குரல் கேட்பது அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை நாலோங்கோ வரவில்லை. இரட்டையரில் மூத்தவள் பாபிரியேவைப் பார்க்க மசாக்காவுக்குப் போகிறேன் என்று முன்வாரமே சொல்லியிருந்தாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை, வேலையின் நடுவே லாம்வாகாவின் போன் மேசையில் அதிர்ந்தது. திரையில் "முன்னோ முகாபி" என்ற இரண்டு சொல். அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். வந்துவிட்டது! எண் முழுசாகச் சேர்ந்து, சொன்னபடி, அவள் வீட்டுக்கே வந்துவிட்டது.

"அம்மா! வந்துடுச்சும்மா!"

"யாரு செத்தா?" என்றாள் அம்மா.

அப்போதுதான் மீதியைப் படித்தாள்.

அம்மா இன்னொரு தடவை கேட்டாள். லாம்வாகா போய்க் கட்டிலருகே, நாலோங்கோ உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். அசையும் கையை நீட்டி மகளின் தலையைத் தொட்டாள். ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டேனே, சந்தோஷப்பட்டுவிட்டேனே என்று லாம்வாகாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"போ," என்றாள் அம்மா. "என்னைப் பார்த்துக்கிட்டு நிக்காதே. விறகை எடுத்துக்கிட்டுப் போ."

நாலோங்கோ வீட்டில் யாரும் இல்லை. இரத்த அழுத்தம், தூக்கத்திலேயே போய்விட்டாள், உடல் மசாக்காவிலிருந்து சாயங்காலம்தான் வந்து சேரும் என்று செய்தியில் இருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது. கொடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. லாம்வாகா விறகை இறக்கி வைத்துவிட்டு முற்றத்தில் நின்றாள். என்ன செய்வதென்று சொல்ல ஆளில்லை. அவளைச் சொல்லி வேலை வாங்கக்கூடிய ஒருத்தியும் இப்போது வண்டியில் படுத்தபடி வந்துகொண்டிருக்கிறாள். இந்த ஊரில் அவ்வளவு தனியாக அவள் என்றைக்கும் நின்றதில்லை.

புருஷன் துக்கத்துக்கு வைத்த அடுப்புக் கற்கள் மாமரத்தடியில் கரியோடு அப்படியே கிடந்தன. அவள் கட்டைப் பிரித்து விறகை அடுக்கினாள். இரவு மழையில் விறகு ஈரம், தீ பிடிக்கவில்லை. மண்டியிட்டு ஊதினாள். கண் எரிந்தது, அந்தச் சாக்கில் வாய்விட்டு அழுதாள், ஊதினாள், அழுதாள். கடைசியில் புகை கிளம்பியது. ஈர விறகின் கனத்த புகை, இலைகளுக்கு மேலே ஏறி, வேலிகளைத் தாண்டிப் போனது.

முதலில் பக்கத்து வேலியில் ஒரு தலை தெரிந்தது. அன்றைக்குப் பானையோடு போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான், நபோசா என்று பெயர். கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"நாலோங்கோ வீட்டுல ஏன் புகை? எங்க வீட்டுல கரண்ட் இல்ல, போன் செத்துக் கெடக்கு. என்னாச்சு?"

லாம்வாகா சொன்னாள். நபோசா அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். லாம்வாகா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கசூலே வந்தார், தன் விறகுக்கட்டைப் போட்டார். இன்னும் இரண்டு பேர், அப்புறம் நாலு பேர். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள், யாரோ பாய் விரித்தார்கள். சாயங்காலம் வண்டி வந்து சேரும்போது முற்றத்தில் கால் வைக்க இடமில்லை.

அதற்குக் கொஞ்சம் முன்னால், வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது, நபோசா கேட்டாள்.

"உங்கம்மா வீட்டுல தனியாவா இருக்காங்க?"

"ஆமா."

"ஏங்க, முதல்லயே சொல்ல மாட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு நபோசா எழுந்து, கோமெசியை உதறிக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தாள். "நான் போய் அவங்களோட உக்காந்திருக்கேன்."